ஹோட்டல் அத்திம்பேர்

திருவனந்தபுரம் வலியசாலையில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் குடியிருந்தவர்களிடம் 'ஹோட்டல் அத்திம்பேர்' என்று சொன்னால் போதும், விலாசம் தேவையில்லை. உண்மையில் அவர் எனக்குத்தான் அத்திம்பேர், என் தமக்கையின் கணவர். நான் அழைத்ததைக் கேட்டுக் கேட்டுத் தெருவில் உள்ள சிறுவர்கள் எல்லாரும் அப்படியே அழைக்கத் தொடங்கி, கடைசியில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அத்திம்பேர் ஆகிவிட்டார். 2019-ல் தமது 88-ஆம் வயதில் காலமானார். நம் மலரில் அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அக்கா, "எழுது, ஆனா பேரெல்லாம் போடாதே. அவருக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள். ஆகவே பெயர் இல்லை. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஹோட்டலின் பெயரும் இல்லை. கிழக்கேகோட்டைப் பக்கம் இருந்த ஒரு சைவ ஹோட்டல் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

வெளியூர் அன்பர்களுக்காக வலியசாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய. இங்குள்ள மகாதேவர் கோயிலையும் அதைச் சுற்றிய அக்கிரகாரத் தெருக்களையும் கிள்ளியாற்றையும் சேர்த்துத்தான், முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்று பலர் கூறுகிறார்கள். அந்தச் சாலை வேதமும் சாஸ்திரமும் படித்த கல்விச்சாலை என்பார் ஒரு சாரார். சாப்பாடு போட்ட ஊட்டுச்சாலை என்பார் மற்றொரு சாரார். ராஜராஜன் அங்கே 'கலம் அறுத்தான்' என்கிறார்களே, அது மரக்கலமா, உண்கலமா என்று பெரிய வாதமே நடந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இதை ஆராய்ந்து எழுதினார். கல்லூரியில் படித்த காலத்தில் நான் இதையெல்லாம் பெருமையாக வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அத்திம்பேர் வெற்றிலையை மடித்தபடியே, "கலத்தைப் பத்தின சந்தேகம்னா என்னைன்னா கேக்கணும்? ஒரு நாளைக்கு எத்தனை இலை விழறதுன்னு எனக்குத்தானே தெரியும்" என்றார். அவர் சொன்னதுதான் சரித்திரத்துக்குப் பொருத்தமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சி. தகப்பனார் இல்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான 1949-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் வரும் மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி இங்கு வந்து சேர்ந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு மலையாளக் கரை புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்கு வந்தவர்கள்தாம். ஆனால் இவர் வியாபாரத்துக்கு வரவில்லை. காப்பி டம்ளர் எடுத்துவைக்கும் வேலைக்கு வந்தார். பிறகு சப்ளையர், பில் எழுதுபவர், ஸ்டோர், கல்லா என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1960 வாக்கில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் அதில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வேலைக்கு அன்று நம்மவரிடையே இருந்த மதிப்பு என்ன என்பதை இளைய தலைமுறை அறியாது. திருவிதாங்கூர் அரசாட்சியில் ஊட்டுப்புரைகள் இருந்தன. அங்கே பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாட்கள் நடக்கும் முறைஜபத்துக்குக் கூடுகிற கூட்டத்துக்கும் சாப்பாடு. அப்படி இலவச இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே, காசு வாங்கிக்கொண்டு சோறு போடுகிறவனை ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார்கள்! ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா என்றால் தெருவில் ஒரு நிமிர்வு. செக்ரட்டேரியட் என்றால் கேட்கவே வேண்டாம். ஹோட்டல் என்றால், "அப்படியா, பாவம்" என்று ஒரு இழுப்பு. என் பெற்றோர் அக்காவை அவருக்குக் கொடுத்தபோதுகூட, எங்கள் பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை.

1962-ல் நான் படிப்பதற்காக வலியசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒன்றே என்றிருக்கும் நீளமான வீடு. விடியற்காலை மூன்றரைக்கு அத்திம்பேர் எழுந்துவிடுவார். கிணற்றடியில் குளித்து, சந்தியை முடித்து, நாலேகாலுக்குச் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து புறப்படுவார். அந்த நேரத்தில் அங்கே மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். தோவாளைப் பூவும் நாகர்கோவில் பக்கத்து வாழையிலையும் காய்கறியும் வரும். இலைக்கட்டை அவிழ்க்கச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். வெளியே நல்ல இலையை வைத்து உள்ளே கிழிசலைச் சுருட்டும் வித்தை அவரிடம் பலிக்காது.

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை பால். லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பால்காரரிடம் நலம் விசாரிப்பார். அடுத்து டிகாக்‌ஷன். காப்பி மாஸ்டர் கொடுக்கும் முதல் டம்ளரைச் சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடித்து, "இறக்கலாம்" என்றோ "கொட்டு" என்றோ ஒரே வார்த்தை. மாவு விஷயத்தில் அவர் ஒரு வைத்தியர் மாதிரி. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்தில் இட்லி மாவு சரியாகப் பொங்காது. தோண்டிகளை அடுப்பங்கரைச் சுவர் ஓரமாக நகர்த்தச் சொல்லுவார். மேடம் மாத வெயிலில் அதே மாவு நள்ளிரவிலேயே புளித்து வழியும். அப்போது அரைப்பதையே இரண்டு மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். புது உளுந்து நிறையக் காணும், பழைய உளுந்து காணாது. அதனால் அளவைப் படியால் சொல்லாதே, கண்ணால் சொல்லு என்பார் சரக்கு மாஸ்டரிடம்.

மத்தியானச் சாப்பாட்டில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மலையாளிகளுக்குச் சிவந்த சம்பா அரிசிச் சோறு வேண்டும்; நம்மவர்களுக்கு வெள்ளைச் சாதம் வேண்டும். அவர்களுக்குப் புளிசேரி, நமக்கு ரசம். அவர்கள் சாம்பாரில் தேங்காய் வறுத்து அரைத்தால்தான் சாம்பார். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது வேறு ஏதோ குழம்பு. இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, இருவரும் இது நம் வீட்டுச் சாப்பாடு என்று நினைத்து எழுந்துபோகும்படி செய்யவேண்டும். போளியின் மேல் பாயசத்தை விட்டுப் பிசைந்து சாப்பிடும் திருவனந்தபுரத்துப் பழக்கத்தில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. "மொழிவாரி மாநிலம் 1956-ல பிரிச்சா. நான் தினமும் பதினொண்ணரை மணிக்குச் சேத்துண்டிருக்கேன்" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஹோட்டலின் உள்பக்கம் பிராமணர்களுக்கென்று ஒரு தனி அறை இருந்ததாம். காலம் மாறி அந்தத் தட்டியை எடுத்தபோது, நெடுநாள் வாடிக்கைக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினார்கள். அத்திம்பேர் வீட்டில் மடி ஆசாரம் பார்ப்பவர். ஆனால் அன்று முதல் ஹோட்டலில் அவர் காலைக் காப்பியைக் குடித்தது க்ளீனர் பையன்களோடு பின்கட்டில் நின்றுகொண்டுதான். இது எனக்கு அவர் சொன்னதல்ல. அந்தப் பையன்களில் ஒருவர், இப்போது எழுபதைத் தாண்டியவர், சொன்னது. ஊரிலிருந்து ஓடிவந்த அப்படிப்பட்ட பையன்களுக்கு முதலில் கையெழுத்துப் போடப் பழக்குவார். சம்பளத்தன்று அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பிய ரசீதைக் காட்டினால்தான் மீதிப் பணம் கைக்கு வரும்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. அக்காவுக்கே இது இதுவரை தெரியாது.

யூனிவர்சிட்டி கல்லூரியில் நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவர்கள் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், அதிகாரி வீட்டுப் பிள்ளைகள். யாருடன் தங்கியிருக்கிறாய் என்று கேட்டபோது, "அத்திம்பேரோடு. ஒரு கம்பெனியில் மேனேஜர்" என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் மாலை நாலைந்து பேர் சினிமாவுக்குப் போய்விட்டு வரும்போது ஒருவன் அந்த ஹோட்டலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டான். மறுக்கக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கல்லாவில் அத்திம்பேர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் எழுதியிருந்த விலைப்பட்டியலைப் படிக்கிற பாவனையில் நடந்து போய் உட்கார்ந்தேன். என் காது இரண்டும் சுட்டது.

சப்ளையர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். ஒருவர் சிரித்துக்கொண்டே எங்கள் மேஜையை நோக்கி வந்தார். அதற்குள் அத்திம்பேர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தாமே வந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம், "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் நெய் ரோஸ்ட் என்றேன். எழுதிக்கொண்டு போனார். சாப்பிட்டு முடித்து நண்பன் பணம் கொடுத்தபோது சில்லறையை எண்ணிக் கொடுத்து, கைகூப்பி வழியனுப்பினார்.

அன்று இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல் கால் கழுவி, மோர் குடித்து, பெரியவளின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுப் படுத்தார். ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் இல்லை. ஒரு மாதம் ஆயிற்று, இல்லை. தாங்கமுடியாமல் நானே ஒரு நாள் கோயில் பிராகாரத்தில் வைத்துப் பேச்சை எடுத்தேன். நான் முடிப்பதற்குள் குறுக்கிட்டு, "ஹோட்டலுக்குள்ள வந்தவா கஸ்டமர். கஸ்டமர் யாரோட வந்திருக்கா, என்ன சொல்லிண்டு வந்திருக்கா, இதெல்லாம் நாம பாக்கப்படாது. அது வேலையில ஒரு பாடம்" என்றார். பிறகு, "நெய் ரோஸ்ட் முறுகலா இருந்துதா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்க அவர் இடம் கொடுக்கவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே காலத்தில்தான் அரிசிப் பஞ்சம் வந்தது. 1964-ல் கேரளத்தில் ரேஷன் அமலாகி, அரிசியோடு கோதுமையும் கொடுத்தார்கள். மலையாள நாட்டில் சப்பாத்தி வேரூன்றியது அந்த நாட்களில்தான். ஹோட்டலுக்கு அரிசி கிடைப்பது தனி வழி. அதற்குக் கணக்கு, ரிஜிஸ்டர், பரிசோதனை எல்லாம் உண்டு. சாவி அத்திம்பேர் கையில். வீட்டில் மூன்று குழந்தைகள், வளர்ந்த பையனாக நான், வயதான மாமியார். அக்கா ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து, கோதுமை ரவையைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுவாள். சின்னவன் சாதம் சாதம் என்று அழுவான். ஒரு நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சாதம் போடறேள். ஆத்துக்கு ஒரு படி கொண்டுவந்தா ஹோட்டல் முழுகிடுமோ?" என்று கேட்டுவிட்டாள். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அன்று முதல் மத்தியானம் ஹோட்டலில் சாப்பிடுவதை நிறுத்தினார். இரண்டரை மணிக்கு வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்து, எங்களோடு உட்கார்ந்து கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, நாலு மணி டிபனுக்குத் திரும்பி ஓடுவார். பஞ்சம் தீர்ந்து, தாராளமாக அரிசி கிடைத்த பிறகும் அந்த இரண்டரை மணிச் சாப்பாடு நிற்கவில்லை. ஓய்வுபெறும்வரை வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. குழந்தைகள் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பசியோடு காத்திருந்து அவரோடு உட்காருவார்கள்.

அவர் வீட்டில் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிகவும் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஹோட்டலில் சுவீட் வாங்கக் கூட்டம் நெரியும். விடிவதற்கு முன்பே அவர் அங்கே இருந்தாகவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கே கங்கா ஸ்நானம். தூக்கக் கண்ணோடு வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவர் தலையிலும் அவரே எண்ணெய் வைப்பார். இரண்டரைக்கு வலியசாலைத் தெருவின் முதல் வெடி எங்கள் வாசலில். பக்கத்து வீட்டு மாமா ஜன்னலைத் திறந்து, "ஹோட்டலுக்கு நரகாசுரன் சீக்கிரமே வந்துட்டான் போலிருக்கு" என்று கத்துவார். மலையாளிகளுக்கு ஓணம் எப்படியோ அப்படி நமக்குத் தீபாவளி. இந்த ஊரில் அதன் சந்தடி நம் தெருக்களில்தானே. அதைத் தொடங்கிவைப்பது எங்கள் வீடு என்று குழந்தைகளுக்கு ஒரே கர்வம்.

குழந்தைகளைச் சாலையில் உள்ள அரசு தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். இங்கிலீஷ் பள்ளியில் போடும்படி முதலாளியே சொல்லியும் கேட்கவில்லை. "பாட்டிக்குக் கடுதாசி எழுதத் தெரிஞ்சப்புறம் பாக்கலாம்" என்றார்.

சென்னையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை உருவாக்கிய கிருஷ்ணராவ் அவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1898-ல் உடுப்பிப் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கி, 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். 1962-ல் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-ல் மூடப்படும்வரை சென்னைக்கே ஓர் அடையாளமாக இருந்தது. அத்திம்பேருக்கு அவரிடம் பக்தி. எழுபதுகளில் இவருக்கும் அப்படி ஒரு வாசல் திறந்தது. இருவர் பணம் போட்டு ஒரு புது ஹோட்டல் தொடங்க முன்வந்து, இவரைப் பங்குதாரராகச் சேரச் சொன்னார்கள். வலியசாலை வீட்டை அடமானம் வைத்தால் பங்குத் தொகை தேறும். பத்து நாள் யோசித்தார். பெரியவளுக்கு வரன் பார்க்க வேண்டிய வயது, சின்னவள் கல்லூரி. வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவர் துணியவில்லை என்று அப்போது நான் அக்காவிடம் குறைபட்டேன். அந்தப் புது ஹோட்டல் நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கூட்டம் இருக்கு, நன்னா இருக்கட்டும்" என்பார். அதில் வருத்தம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வரன் பார்த்த கதை நீளம். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பிடித்து, "பெண்ணின் அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?" என்ற இடத்தில் இரண்டு சம்பந்தம் நின்றது. ஏ.ஜி. ஆபீஸில் வேலை கிடைத்திருந்த நான், "ஒரு நிறுவனத்தில் நிர்வாகி என்று சொல்லலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மெல்லச் சிரித்து, "ஹோட்டல் மேனேஜர்னே சொல்லு. அவா பொண்ணை எடுத்துண்டு போறா, விசிட்டிங் கார்டை இல்லே" என்றார். மூன்றாவதாக வந்தவர் ஒரு பாங்க் ஊழியர். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளை பிரம்மச்சாரியாக இங்கே வேலை பார்த்த இரண்டு வருஷமும் அந்த ஹோட்டலில் மாதச் சாப்பாடு. ஜுரத்தில் அறையில் கிடந்தபோது மூன்று வேளையும் கஞ்சி அனுப்பிய மேனேஜரின் பெண் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்.

அவருடைய பேரன் கோவளத்தில் ஹோட்டல் நிர்வாகம் படித்து, இன்று வெளிநாட்டில் பெரிய ஹோட்டல் ஒன்றில் இருக்கிறான். அவனுக்கு வரன் தேடியபோது ஜாதகங்கள் வந்து குவிந்தன. அத்திம்பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடைசி மூன்று ஆண்டுகள் நினைவு தப்பிவிட்டது. என்னை யாரென்று தெரியாத நாட்கள் உண்டு. தெரியாவிட்டாலும், "வாங்கோ, உக்காருங்கோ, என்ன வேணும்?" என்பார். ஆனால் விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு மட்டும் தவறவில்லை. எழுந்து உட்கார்ந்து, "பால் வந்துடுத்தா?" என்று கேட்பார். அக்கா படுக்கையிலிருந்தே, "வந்தாச்சு. லாக்டோமீட்டர் விட்டுப் பாத்தாச்சு. நன்னா இருக்கு" என்று பதில் சொல்லுவாள். "அப்ப இறக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். தினமும் இதே நாலு வாக்கியம்.

அக்காவுக்கு இப்போது 88 வயது. மகனோடு பெங்களூருக்குப் போக மறுத்து வலியசாலை வீட்டிலேயே இருக்கிறாள். மில்மா பாக்கெட் வாசலுக்கு வர ஐந்தரை ஆகும். மூன்றரைக்கே எழுந்து டிகாக்‌ஷனை இறக்கிவைத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு ரேழியில் உட்கார்ந்திருக்கிறாள்.